பஸ் நிறைஞ்சிருக்கு

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த காலம் முழுக்க, மாமி வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. நாங்கள் பார்த்ததோ நாளெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்ல வேண்டிய வேலை. கசாப்புக் கடையில் சேர்ந்துவிட்டு, கத்தியைத் தொடமாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும். அப்படித்தான் இருந்தாள்.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், சூட்கேஸ் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், ஏர்போர்ட்டில் இறங்கினால் எதில் ஏறுவது, ஜீப் வாடகைக்குக் கிடைக்குமா, பக்கத்துத் தீவுக்குப் படகு எப்போது என்றெல்லாம் கேட்பதற்கு ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்த போன் அந்தத் தீவில் அடிக்காது, எங்கள் காதில் அடிக்கும். அங்கே காலை வேலை தொடங்கும்போது இங்கே விளக்கு வைக்கிற நேரம். கீழே தெருவில் ஜனங்கள் தீபாவளித் துணியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருப்போம்.

கடலையே மெரினாவில் கணுக்கால் வரைக்கும்தான் பார்த்தவள் நான். அந்தத் தீவின் சாலை எனக்கு உள்ளங்கை ரேகை மாதிரி ஆகிவிட்டது. தீவைச் சுற்றி ஒரே ரோடு. பஸ் என்று அவர்கள் சொல்வது வேனைத்தான். போர்டு கிடையாது, நேரம் கிடையாது. கையைக் காட்டினால் நிற்கும், நம்ம ஷேர் ஆட்டோ போல. டாக்சியில் மீட்டர் கிடையாது, அதிலும் நம்ம ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விடுவதால் வேன் ஓடாது. அன்றைக்குப் போன் செய்து பஸ் கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். மாமி, “பஸ் ஈஸ் ஃபுல் சார்” என்பாள்.

ஒருமுறை யாரோ வயதான தம்பதி, ஃபுல் என்றால் அடுத்த பஸ் வரும் என்று நம்பி, கடற்கரை ரோட்டில் பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். புகார் வந்தது. எங்கள் டீம் லீடர் மாமி முன்னால் வந்து நின்றான். மாமிக்குப் பிள்ளை வயதுதான் இருக்கும் அவனுக்கு. அதட்டவும் வராது, விடவும் முடியாது.

“மாமி, ஃபுல்லுன்னா இன்னா அர்த்தம்? பின்னாடியே வேற வண்டி வரும்னு அர்த்தம். வண்டியே கெடையாது மாமி ஞாயித்துக்கெழமைல. நோ பஸ்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

“ஆத்துல அரிசி தீர்ந்துபோனா நீ என்னன்னு சொல்லுவே?”

“அரிசி இல்லன்னு சொல்லுவேன்.”

“சொல்லப்படாது. நெறஞ்சிருக்குன்னு சொல்லணும். அந்த வார்த்தை வாசல்ல நின்னு கேட்டுண்டே இருக்கும். நாம சொல்லிட்டோம்னா, கூப்பிட்டான்னு உள்ள வந்துடும்.”

“அது அரிசிக்கு மாமி. இது வேனு.”

“எதுவானா என்ன? எங்கேருந்தோ ஆசையா வந்திருக்கா. மூஞ்சில அடிச்சாப்பல எப்படிடா சொல்றது?”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்தபோதும் சரி, அங்கிருந்து சர்க்கார் எங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்ட பிறகும் சரி, உப்பு தீர்ந்தால் அம்மா, “உப்பு நெறஞ்சி கீதுடி, கடைக்குப் போய்ட்டு வா” என்றுதான் சொல்வாள். எங்கள் வீட்டில் நிறைந்திருந்த சாமான்களை எழுதினால் ஒரு மளிகைக் கடையே வைக்கலாம்.

மாமிக்கு எல்லாமே நிறைந்துதான் இருந்தது. டிபன் பாக்சைத் திறந்து எங்கள் எல்லார் தட்டிலும் எலுமிச்சை சாதம் வைப்பாள். உங்களுக்கு மாமி என்றால், “நெறைய இருக்குடி” என்று மூடிவிடுவாள். பாக்ஸ் காலியாக இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை அவள் கண்டுகொள்ளமாட்டாள். தலையில் மல்லிகைப்பூ நசுங்காமல் ஹெட்செட் மாட்டுவதற்கு ஒரு கோணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஜீப் கேட்கிற வெள்ளைக்காரரிடம், அந்த ஊர் மேட்டு ரோட்டில் ஆடு குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள் என்று மாமனார் வீட்டுக்குப் புறப்படும் மாப்பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்வாள். ஊருக்குத் திரும்பிய பிறகும் சிலர் போன் செய்து, அந்த லேடி இருக்கிறார்களா, பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று சொல்லுங்கள் என்பார்கள்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாமியின் சொந்த செல்போன் அடிக்கும். வீட்டுக்காரர். மந்தைவெளியில் அவர்கள் வீடு. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், நினைவும் சரியில்லை, பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறாள் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் இரைந்து பேசுவது பக்கத்து நாற்காலிக்கே கேட்கும். தினமும் ஒரே கேள்விதான்.

“கொழந்தை வந்துட்டாளோ?”

“வந்துண்டிருக்கா. பஸ்ல இருக்கா. அடையார் சிக்னல்ல நிக்கறா.”

“ரொம்ப நாழி ஆறதே.”

“டிராஃபிக்குன்னா. நீங்கோ காபி சாப்பிடுங்கோ.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் அதே பேச்சு, அதே சிக்னல். பெருங்குடிப் பக்கம் ஏதோ கம்பெனியில் மகள் வேலை பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னா மாமி, உங்க பொண்ணுக்கு மட்டும் அந்த சிக்னல் பச்சையே வுழாதா? போலீஸ்காரரு உங்களுக்குச் சொந்தமா?”

“நிக்கட்டும்டி. நின்னு நிதானமா வரட்டும்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்றுமே வித்தியாசமாகப் படவில்லை.

பிறகு ஒரு மழை நாள். போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. மாமி ஒரு காதில் படகு கேட்கிற ஆளை வைத்துக்கொண்டு, மறு காதில் வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னாள். அவசரத்தில், “சிக்னல் தாண்டிட்டா, இதோ வந்துடுவா” என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து அந்த அக்கா போன் செய்தாள். பால் வாங்கிவிட்டு வருவதற்குள் கதவு திறந்து கிடக்கிறது, ஐயாவைக் காணோம்.

மாமி ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தாள். தனியாக விட மனசு வராமல் நானும் ஆட்டோவில் ஏறினேன். ஆழ்வார்பேட்டையில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்தன. மாமி முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள். மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் நனையவே இல்லை.

தெருத் தெருவாக அலைய வேண்டியிருக்கவில்லை. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில், கம்பி பெஞ்சில், வேட்டி நுனி நனைந்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெலிந்த மனிதர், நல்ல களையான முகம். ஒரு குடை விரித்து, ஒரு குடை மடித்து மடியில்.

“நீ ஏன் மழையில வந்தே?” என்றார் மாமியைப் பார்த்து. “சிக்னல் தாண்டிட்டான்னியே. பஸ் பஸ்ஸா வரது, அவ எறங்கற வழியக் காணும். காலம்பற குடை எடுத்துண்டு போகலை அவ.”

“அடுத்த பஸ்ல வருவா. நாம ஆத்துக்குப் போய் சூடா ஏதாவது பண்ணி வைப்போம், வாங்கோ.”

“நீ போ. நான் அவளை அழைச்சுண்டு வரேன்.”

மாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அடையாறு வழியாக வந்த பஸ் ஒவ்வொன்றும் காலியாகும்வரை அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கடைசியில் குளிரத் தொடங்கி, தானாகவே எழுந்தார். அந்த மடித்த குடையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வரப் பார்த்தார், அவளுக்கு வேண்டும் என்று. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவருக்குத் தலை துவட்டிவிட மாமி உள்ளே போனபோது, சமையலறையில் அந்த அக்காவிடம் கேட்டேன். பொண்ணு இன்னும் வரலையே, போன் போட்டுப் பாக்கலாமா என்று.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எந்தப் பொண்ணும்மா? அது செத்து எத்தினி வருசம் ஆவுது. ஆபீஸ்லேந்து ஸ்கூட்டர்ல வந்துகினு இருந்துச்சி. அடையார் சிக்னலு தாண்டி, பாலத்துக்கு முன்னால லாரி. ஒரே பொண்ணு. ஐயாதான் போயி அடையாளம் காட்னாரு. அப்பறமாத்தான் மறதி வந்துச்சி. வந்த மறதி மொதல்ல அதத்தான் தூக்கிகினு போச்சி.”

பெரும்பாக்கத்துக்குப் பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அந்த சிக்னலையே நினைத்துக்கொண்டு போனேன். மாமி ஏன் அன்றுவரை ஒரு நாளும் மகளை அதற்கு இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை என்பது தெரிந்துபோனது. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல போன் அடித்தது. கொழந்தை வந்துட்டாளோ. மாமி என்னை ஒரு தரம் பார்த்தாள், எதிரே இருந்த கம்ப்யூட்டரை ஒரு தரம் பார்த்தாள். அதில் தீவின் படம் இருந்தது.

“ஆபீஸ்ல அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிச்சிருக்கா. மறந்துட்டேளா? ஒரு தீவுக்கு.”

அன்றிலிருந்து அந்தப் பெண் எங்கள் தீவில் குடியேறிவிட்டாள். பஸ்ஸில் வருகிறாள் என்றால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார், ஆட்டோவில் வருகிறாள் என்றால் தெருவுக்குப் போவார். கடல் தாண்டி இருக்கிறாள் என்றால் எங்கே போய் நிற்பார்? மாமி யோசித்துத்தான் செய்தாள். அவர் கேள்விகளும் மாறின. இன்னிக்கு எங்க போனா, எதுல போனா. மாமி ஒரு நாள் வேனில் ஏற்றிவிடுவாள், டிரைவர் பாட்டு போடுவான் என்பாள். ஒரு நாள் பக்கத்துத் தீவுக்குப் படகில் அனுப்புவாள், முன்வரிசையில் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும் என்று பின்னால் இடம் பிடித்துக் கொடுப்பாள். அவர் அந்தத் தீவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாராம். தன் வீட்டு நம்பர் மறந்துபோன மனிதருக்கு அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லை.

“ஸ்கூட்டர் கீட்டர் எடுக்கறாளோ?” என்று சில நாள் கேட்பார்.

“தொடறதே கெடையாது.”

அதைப் பெற்றவரிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. தீவுக்குப் போகிற யார் ஸ்கூட்டர் வாடகைக்குக் கேட்டாலும் மாமி, “ஆல் ஃபுல்” என்று சொல்ல ஆரம்பித்தாள். இல்லாத பஸ்ஸை நிறைத்தவள், கடை வாசலில் வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களையும் நிறைத்துவிட்டாள். தீவில் ஸ்கூட்டர் வாடகைக் கடை வைத்திருந்தவர் மெயிலில் சண்டைக்கு வந்தார். டீம் லீடர் மறுபடியும் வந்து நின்றான்.

“மாமி, அவரு வண்டியெல்லாம் தூசி புடிச்சி நிக்குதாம்.”

“நிக்கட்டும். ஜீப் எடுத்துக்கட்டுமே. நாலு சக்கரம் இருந்தா என்ன கொறஞ்சு போயிடும்?”

“காசு அதிகமாவுது மாமி அவங்களுக்கு. கஸ்டமர் கேக்கறதத்தானே நாம சொல்லணும்?”

“வாடகை ஜாஸ்தியானா ஆகட்டும்டா. வயசுப் பசங்களா வரா. அவா ஆத்துலயும் யாரோ வாசலைப் பாத்துண்டிருப்பா.”

நான் அவனைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் கேட்டு வருகிற போன் எல்லாம் என் பக்கம் திருப்பிவிடப்பட்டது. அப்படியும் நான் ஸ்கூட்டர் விலை சொல்லும்போது, மாமி தன் போனைப் பொத்திக்கொண்டு, “ஹெல்மெட் சொல்லுடி” என்பாள்.

அப்புறம் ஒரு புயல். தீவின் படகுத்துறையே பெயர்ந்துபோய்விட்டது. எங்கள் ஆபீசில் எல்லா போனும் ஒரே சமயத்தில் அடித்தன. பிள்ளை அங்கே இருக்கிறான், அம்மா அங்கே இருக்கிறாள், எப்படி வெளியே கொண்டுவருவது என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அழுதார்கள். படகும் இல்லை, விமானமும் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மாமி மட்டும், “வெயிட் பண்ணுங்கோ, வந்துடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவில் அவள் செல்போன் அடித்தது. வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தமிழ்ச் செய்தியில் அந்தத் தீவின் பெயரைச் சொல்லி, கவிழ்ந்த படகுகளைக் காட்டியிருக்கிறார்கள்.

“கொழந்தை எங்கே?” அவர் குரல் கீச்சென்று வந்தது. “எல்லாம் அடிச்சுண்டு போறதே, அவ எங்கே?”

“பத்திரமா இருக்கான்னா.”

“நீ எப்பவும் இருக்கா, இருக்கான்னுதான் சொல்லுவே. என்னிக்காவது வேற மாதிரி சொல்லியிருக்கியா? எனக்கு அவ கொரலக் கேக்கணும். நீ அந்த ஊர் ஆபீஸ்லதானே இருக்கே, அவளுக்குப் போடு. இல்லேன்னா நான் பொறப்பட்டுப் போறேன்.”

பின்னால் அந்த அக்கா, “ஐயா, செருப்பு மாட்டாதீங்க, உக்காருங்க” என்று கெஞ்சுவது கேட்டது. மாமி, “இருங்கோ, லைன் போட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது.

வாங்கினேன். நாக்கு நுனி வரைக்கும் ‘நைனா’ என்று வந்துவிட்டது. என் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். விழுங்கிக்கொண்டு, “அப்பா” என்றேன்.

“கொழந்தே! எங்கடி இருக்கே?”

“பத்திரமா கீறேன்… இருக்கேன்ப்பா.”

“என்னடி இது, பாஷையே மாறிப்போயிடுத்து?”

“இங்க எல்லாரும் இப்டித்தாம்ப்பா பேசறா.”

அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“காத்து நின்னுடுத்தோ?”

“நின்னுடுச்சிப்பா.”

“சாப்பிட்டியோ?”

“சாப்ட்டேன்ப்பா.”

“ஸ்கூட்டர்ல வெளில போகலியே?”

“வேன்லதாம்ப்பா போறேன்.”

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பாவமாக இருந்தது. பெற்ற மகள் சொல்வதாக ஒன்று சொல்லலாமே என்று, “ரோடெல்லாம் சரியானதும் கெளம்பி வந்துர்றேன்ப்பா” என்றேன்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“வேண்டாம்” என்றார்.

குரல் வேறாக இருந்தது. கிழட்டுக் குரல் இல்லை, நடுங்கவும் இல்லை.

“நீ வராதேடி கொழந்தே. காத்தடிச்சா அடிக்கட்டும். அங்கயே இரு. இங்க வந்தா, அடையார் தாண்டறச்சே லாரி வரும். நான் பாத்திருக்கேன். நீ வரவே வேண்டாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

போனை வைத்துவிட்டார். காது மந்தமான மனிதரோடு பேசுகிற போன், சத்தம் முழுக்க ஏற்றித்தான் வைத்திருக்கும். மாமிக்கு எல்லாம் கேட்டிருந்தது. என் கையிலிருந்து போனை வாங்கி, துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். ஹெட்செட்டைச் சரி செய்துகொண்டு, காத்திருந்த அடுத்த ஆளுக்கு வணக்கம் சொன்னாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாமி வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஐயா நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், வாசல் பக்கமே பார்ப்பதில்லை என்றாள் அந்த அக்கா. மாமி அவரையே கூப்பிட்டு, “படகுத்துறையை ரிப்பேர் பண்ணிட்டா, கொழந்தை நாளைக்குப் படகுல போறாளாம்” என்று சொல்லிப் பார்த்தாள். “சரி, நீ வேலையைப் பாரு” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், வேலை தொடங்குவதற்கு முன்னால், கீழே டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். மாமி வெளியில் டீ குடித்து நான் பார்த்ததில்லை. அன்றும் கிளாசை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமி, ஏதோ வாயில் வந்துவிட்டது என்றேன்.

“நீ என்னடி பண்ணுவே. அவருக்கு நிம்மதி ஆயிடுத்து. மனசார வழியனுப்பிட்டார். நன்னாத் தூங்கறார்.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பையும் கையுமாக ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

“அவர் தெனம் கேப்பார். கேக்கறாரேன்னு நானும் அவளை எதுலயாவது ஏத்தி விடுவேன். இன்னிக்கு என்ன பொடவை கட்டிண்டிருப்பா, ஜன்னலோரம் எடம் கெடச்சிருக்குமான்னு நெனச்சு நெனச்சுச் சொல்லுவேன். அந்த அஞ்சு நிமிஷம் அவ எங்கயோ போயிண்டிருப்பாடி. இனிமே என்னை யார் கேப்பா?” என்றாள். பிறகு, டீக்கடைக்காரரும் நின்றிருந்தவர்களும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். “அவருக்குப் பொண்ணு தீவுல இருக்கா. எனக்கு இப்பத்தாண்டி செத்துப்போனா.”